தேவய்யாவின் செப்டம்பர் 7

கர்நாடகத்தின் மடிக்கேரியில் தேவய்யாவின் பெயரைத் தாங்கிய சாலைச் சந்திப்பைக் கடந்துபோகும்போதெல்லாம் என் நடை தானாகவே தளர்ந்துவிடும். இந்திய-பாகிஸ்தான் போரின்போது, 1965 செப்டம்பர் 7 அன்று விடியலில், பாகிஸ்தானின் சர்கோதா விமானதளத்தைத் தாக்கப் புறப்பட்ட இந்திய விமானப்படையின் மிஸ்டியர் போர் விமானங்களுக்கு மாற்றாகத்தான் ஸ்குவாட்ரன் லீடர் அஜ்ஜமாட போப்பய்யா தேவய்யா காத்திருந்தார். ஒரு விமானம் விலகவே, அந்த இடத்தை நிரப்ப அவர் பறந்தார்.

போகவர மட்டுமே போதுமான எரிபொருள். வானில் சண்டையிட அதில் மிச்சமில்லை. ஆயினும், ஒலியைப்போல் இருமடங்கு வேகத்தில் பறக்கவல்ல பாகிஸ்தானின் ஸ்டார்ஃபைட்டர் போர் விமானம் ஒன்று வழிமறித்தபோது, அடிபட்ட தம் விமானத்தைத் திருப்பி அதனோடு போரிட்டு, அதைச் சுட்டு வீழ்த்தினார். அதன் விமானி அம்ஜத் ஹுசைன் பாராசூட்டில் உயிர்தப்பினார், தேவய்யா திரும்பவில்லை.

உடன் சென்றவர் எவரும் அதைக் கண்டிராததால், 'காணாமற்போனவர்' என்ற ஒற்றைச் சொல்லோடு அவர் கோப்பு பல்லாண்டுகள் மூடியே கிடந்தது. பாகிஸ்தான் தரப்பு விவரங்களைக் கொண்டு ஆங்கிலேயர் ஒருவர் எழுதிய போர் வரலாறு வெளிவந்த பிறகே உண்மை துலங்கியது. 1988இல், இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்து, போர்க்கள வீரத்துக்கான இந்தியாவின் இரண்டாவது உயரிய விருதான மகாவீர் சக்ராவை அவர் மனைவி பெற்றுக்கொண்டார்.

அந்த இருபத்து மூன்று ஆண்டுகளை அந்த அம்மையார் எப்படிக் கடந்திருப்பார் என்பதையே இன்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன்.