கொல்லிமலை வளைவில் பேருந்தைத் திருப்புவது எது?

காரவள்ளி வழியாகக் கொல்லிமலை ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். பதினொன்றாம் வகுப்புக்கு வட்ட இயக்கம் நடத்தும்போதெல்லாம் நான் இந்தப் பாதையைத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

"வளைவில் நம்மை வெளியே தள்ளுவது எது சார்?" என்பார்கள். எதுவும் தள்ளவில்லை. உடம்பு நேராகப் போகப் பார்க்கிறது, பேருந்துதான் திரும்புகிறது. சீட்டும் கம்பியும் நம்மை உள்பக்கம் இழுத்துப் பிடிக்கின்றன. அதுதான் மையநோக்கு விசை. பேருந்துக்கு அதைத் தருவது டயருக்கும் தார்ச்சாலைக்கும் இடையிலான உராய்வு.

சரி, கணக்குப் போடுவோம். வளைவின் ஆரம் 15 மீட்டர், வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 60 கிலோ எடையுள்ளவருக்குத் தேவையான விசை சுமார் 123 நியூட்டன். வேகத்தை 40 ஆக்கினால்? இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு: சுமார் 494. பேருந்துக்கும் இதே நான்கு மடங்குதான். மழையில் நனைந்த சாலை அவ்வளவு உராய்வைத் தராது. வண்டி திரும்பாமல் தடுப்புச்சுவரை நோக்கிப் போய்விடும்.

இன்னொன்று. வளைவுக்குள் போய் பிரேக் போட்டால், இருக்கிற உராய்வைத் திரும்புவதற்கும் நிற்பதற்கும் பங்கு போட வேண்டும். அதனால்தான் நல்ல டிரைவர்கள் முன்பே வேகத்தைக் குறைத்துவிடுகிறார்கள். பைக் ஓட்ட ஆசைப்படும் பிள்ளைகளிடம் நான் அழுத்திச் சொல்வது இதைத்தான்.