ப்ளாஷ் பிளேயர் போடச் சொன்னால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்

போன மார்கழியில் ஒரு சாயங்காலம், எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற சார் ஒருவர் லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக்கொண்டு கடைக்கு வந்தார். "தம்பி, நாதஸ்வரக் கச்சேரி கேக்கலாம்னு ஒரு லிங்க்கைத் தொட்டேன். ப்ளாஷ் பிளேயர் பழசாயிடுச்சு, அப்டேட் பண்ணுன்னு வந்துது. பண்ணினேன். அதுலேர்ந்து எதைத் தொறந்தாலும் வேற எங்கேயோ போவுது" என்றார். ப்ளாஷ் பிளேயர் என்பது, ஒரு காலத்தில் பிரவுசருக்குள் வீடியோவும் கேமும் ஓட்டுவதற்கு அடோபி கம்பெனி கொடுத்த மென்பொருள்.

டவுன்லோட்ஸ் போல்டரைத் திறந்தேன். கோப்பு அங்கேயே இருந்தது. சிவப்புக் கட்டம், நடுவில் வெள்ளை எழுத்து, அச்சு அசலாக அடோபியின் அதே சின்னம். ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் பார்த்தேன். அடோபி வெளியிட்ட கோப்பாக இருந்தால் 'டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்' என்ற பக்கம் இருக்கும், அதில் அடோபியின் பெயர் இருக்கும். இதில் அந்தப் பக்கமே இல்லை. சாரிடம் திருப்பிக் காட்டினேன். "சின்னத்தை யார் வேணாலும் ஒட்டலாம் சார், கையெழுத்தைத்தான் பாக்கணும்" என்றேன். நாற்பது வருஷம் விடைத்தாள் திருத்தியவர், உடனே புரிந்துகொண்டார்.

அவரைக் குறை சொல்லவே முடியாது. ஒரு காலத்தில் அந்த அப்டேட்டைப் போடுங்கள் என்று எல்லோருக்கும் சொன்னவனே நான்தான். அப்போது இதே கடை ஆறு சிஸ்டம் வைத்த பிரவுசிங் சென்டர். ப்ளாஷ் இல்லாவிட்டால் யூடியூப் ஓடாது, பள்ளிக்கூடப் பையன்கள் விளையாட வரும் கேம் ஒன்றும் திறக்காது. ப்ளாஷில் திருடர்கள் நுழையக்கூடிய ஓட்டை கண்டுபிடிப்பதும் அடைப்பதும் ஓயாமல் நடக்கும். 2012 கடைசியிலிருந்து மைக்ரோசாப்ட் மாதிரியே மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை அப்டேட் விடுவதென்று அடோபி வைத்துக்கொண்டது. அமெரிக்கச் செவ்வாய் நமக்கு ராத்திரியாகிவிடும். அதனால் புதன்கிழமை காலை ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு, ஆறு சிஸ்டத்திலும் உட்கார்ந்து போடுவேன். முகவரியைக் கையால் அடித்து அடோபியின் தளத்துக்கே போய் இறக்குவேன். கூகுளில் தேடி முதலில் வருவதைத் தொட மாட்டேன். ஒரு தடவை அவசரத்தில் ஏதோ ஓர் இலவச மென்பொருள் தளத்தில் இறக்கி, நாலாம் நம்பர் சிஸ்டத்தில் மூன்று டூல்பார் ஒட்டிக்கொண்டு, ஒரு நாள் முழுக்க அதைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

இப்படி நம் கையில் ஊறிப்போன பழக்கத்தைத்தான் திருடர்கள் பிடித்துக்கொண்டார்கள். 2017 அக்டோபரில் ரஷ்யா, உக்ரைன் பக்கம் 'பேட் ராபிட்' என்ற, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வைரஸ் பரவியது ப்ளாஷ் அப்டேட் வேஷத்தில்தான். வந்த இடம் திருட்டுத் தளம்கூட இல்லை. ஹேக் செய்யப்பட்ட செய்தித் தளங்கள்.

இப்போது அப்டேட் நிஜமா போலியா என்ற குழப்பத்துக்கே இடமில்லை. 2020 டிசம்பர் 31-ஓடு அடோபி ப்ளாஷை நிறுத்திவிட்டது. 2021 ஜனவரி 12-லிருந்து பழைய பிளேயர் இருந்தாலும் எதையும் ஓட்டாது. அதே மாதம் குரோம் 88, பயர்பாக்ஸ் 85 இரண்டும் ப்ளாஷை அடியோடு எடுத்துவிட்டன. ப்ளாஷ் மாதிரியே இருந்த மைக்ரோசாப்டின் சில்வர்லைட்டும் 2021 அக்டோபரோடு முடிந்தது. அதனால் இன்றைக்கு 'ப்ளாஷ் பிளேயர் பழசு' என்று எந்தப் பக்கம் சொன்னாலும் அது பொய். யோசிக்கவே வேண்டாம், மூடிவிடுங்கள்.

"அப்ப படம் எப்படித் தம்பி ஓடுது?" என்று கேட்டார் சார். நல்ல கேள்வி. ஓட்டுகிற வேலையை பிரவுசரே செய்துவிடுகிறது. காசு கட்டிப் பார்க்கும் ஓடிடி படங்களுக்கு காப்பி எடுக்க முடியாதபடி பூட்டிய படத்தைத் திறந்து காட்டும் வைட்வைன் என்ற சின்ன மென்பொருள் தேவை. அதையும் குரோம், பயர்பாக்ஸ் தாங்களே இறக்கி, தாங்களே புதுப்பித்துக்கொள்ளும். பயர்பாக்ஸில் ஆட்-ஆன்ஸ், பிளகின்ஸ் போய்ப் பார்த்தால் அதன் பெயர் தெரியும். நாம் செய்ய வேண்டியது பிரவுசரைப் புதிதாக வைத்திருப்பது மட்டும். குரோமில் மேலே வலது ஓரம் மூன்று புள்ளி, ஹெல்ப், அபௌட் குரோம். அதைத் திறந்தாலே தானாகத் தேடி இறக்கும். ரீலாஞ்ச் கொடுத்தால்தான் வேலை முடியும். பலர் அந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள். பென் டிரைவில் வந்த கல்யாண வீடியோ ஓடவில்லையா, விஎல்சி என்ற வீடியோ பிளேயரை அதன் சொந்தத் தளத்திலிருந்து போடுங்கள். எல்லா வகை வீடியோவையும் ஓட்ட வைக்கும் என்று தனியாக வரும் கோடெக் பேக் எதுவும் வேண்டாம்.

பழைய ப்ளாஷ் இன்னும் இருக்கிறதா என்று கண்ட்ரோல் பேனலில் பாருங்கள். விண்டோஸோடு வந்ததை மைக்ரோசாப்டின் அப்டேட் எடுத்துவிடும். நாமாகப் போட்டதை அது தொடாது, நாம்தான் அன்இன்ஸ்டால் பண்ண வேண்டும்.

சார் லேப்டாப்பில் முதலில் வைஃபையை அணைத்தேன். அன்றைய தேதியில் ஏறியிருந்த இரண்டு புரோகிராமை எடுத்தேன். பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் எக்ஸ்டென்ஷன்களின் பட்டியலில் அவருக்கே தெரியாத ஒன்று உட்கார்ந்திருந்தது, அதையும். அறிவிப்பு அனுப்பிக்கொள்ளலாம் என்று நோட்டிபிகேஷனில் ஏழு தளங்களுக்கு 'அலோ' கொடுத்திருந்தார். வரிசையாக பிளாக் செய்துவிட்டு விண்டோஸ் டிபெண்டரில் முழு ஸ்கேன் விட்டேன். அது ஓடுகிற நேரத்தில், லேப்டாப்பைத் தொடாமல், தன் போனிலிருந்தே பேங்க் பாஸ்வேர்டையும் மெயில் பாஸ்வேர்டையும் மாற்றச் சொன்னேன்.

ஸ்கேன் முடிய எட்டரை ஆகிவிட்டது. ரீஸ்டார்ட் பண்ணி, குரோமை அப்டேட் பண்ணி, அவர் கேட்ட கச்சேரியை யூடியூபில் தேடி வைத்தேன். எதையும் போடச் சொல்லாமல் ஓடியது. தவில் தனி முடியும் வரை சார் எழுந்திருக்கவில்லை. நானும் கடையைச் சாத்தவில்லை.