சேலையூர் மாடிவீடு: பிப்ரவரிக் குறிப்புகள்

பிப்ரவரி 7, வெள்ளி

எங்கள் வீட்டு ஐக்கியத்துக்கு, அதாவது கல்லூரிப் பிள்ளைகள் கூடும் ஜெபக் கூட்டத்துக்கு, 15 பேர் வருவார்கள் என்று இவர் சொன்னார். வாசலில் செருப்பை எண்ணினேன், 23 ஜோடி. ஐந்து லிட்டர் குக்கரில் இரண்டாம் தடவை அரிசி போட்டு, சாம்பாரில் ஒரு செம்பு வெந்நீர் ஊற்றி, மேலே பொடி தூவி ஒப்பேற்றினேன். யாருக்கும் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் ஹாஸ்டல் சாம்பாருக்கு இது தேவலை.

ஒன்பதுக்கு மேல் பாட்டுச் சத்தம் கூடாது என்பது கீழ்வீட்டு மாமியின் சட்டம். 8.55க்கே கிடார் உறைக்குள் போய்விட்டது.

மெக்கானிக்கல் மூன்றாம் வருஷப் பையன் ஒருவன், பரமக்குடிப் பக்கம். ஜெபிக்கச் சொன்னால் தரையைப் பார்ப்பான். சாப்பாடு முடிந்ததும் முதல் ஆளாக எழுந்து பாத்திரம் துலக்குவான். குக்கர் மூடியின் கேஸ்கெட்டைக் கழற்றி, இடுக்கில் காய்ந்த பருக்கையை நகத்தால் சுரண்டி எடுப்பான். இன்றைக்குக் குழாயடியில் நின்றபடியே, "நாலு அரியர்க்கா. ரிசல்ட் எப்ப வேணா வரும்" என்றான். நான் துடைக்கத் துணி எடுத்துக் கொடுத்தேன், அவ்வளவுதான். மாதாந்தர ஊழிய அறிக்கையில் இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

பிப்ரவரி 8, சனி

கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகப்போகிறது. இரண்டு பேர் மட்டும் என்று எங்கேயும் போனதில்லை. இன்றைக்குப் பரங்கிமலை என்று முடிவு. தாம்பரம் பிளாட்பாரத்திலேயே மாட்டிக்கொண்டோம்.

"அண்ணா! அக்கா! எங்க போறீங்க? நாங்களும் வர்றோம்!"

ஐக்கியத்துக்கு வருகிற இரண்டு பெண்கள். நான் இவர் முகத்தைப் பார்ப்பதற்குள் தலையாட்டிவிட்டார்.

மலை 300 அடிதான். ஆனால் பதினோரு மணி வெயிலில் படியேறினால் நாக்கு தள்ளுகிறது. மேலே போர்ச்சுக்கீசியர் கட்டிய கோயில். பீடத்தில் இருக்கிற கல் சிலுவை 1547இல் அஸ்திவாரம் தோண்டும்போது கிடைத்தது. சுற்றிலும் பழைய பாரசீக எழுத்தான பஹ்லவி. இயேசுவின் சீடர் தோமா இங்கேதான் ஈட்டியால் குத்தப்பட்டு இறந்தார் என்பது மரபு; மலைக்குப் புனித தோமையார் மலை என்றும் பெயர். நாங்கள் சி.எஸ்.ஐ. சபை, புராட்டஸ்டன்ட்காரர்கள்; கத்தோலிக்க மாதா கோயிலில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று ஊரில் அம்மாவிடம் சொல்லப்போவதில்லை.

இறங்குகிற படியில் சின்னவள் நின்றாள். கீழே மீனம்பாக்கத்தில் விமானம் ஒன்று ஓடுபாதையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"ஏன்க்கா, காயத்துல விரல் விட்டுப் பார்த்தாத்தான் நம்புவேன்னு சொன்னவருதானே இவரு? அவருக்கே ஒரு மலை இருக்கு. நான் கேள்வி கேட்டா மட்டும் விசுவாசம் பத்தலைங்கிறாங்க."

யார் சொன்னது என்று கேட்டேன். சொல்லவில்லை. இவர் வாயைத் திறக்கப் போனார், நான் கையைப் பிடித்து அழுத்தினேன். வசனம் எடுத்து நீட்டுகிற நேரம் அது இல்லை. நாலு பேரும் படியிலேயே உட்கார்ந்து கொய்யாப்பழம் தின்றோம், மிளகாய்த்தூள் தொட்டு.

பிப்ரவரி 12, புதன்

ஸ்கூட்டர் பஞ்சர். எங்கள் ஊழியத்தை மாதாமாதம் தாங்குகிற ஒருவரின் காணிக்கை இன்னும் வரவில்லை. கேட்க இவருக்கு வாய் வராது. ரவை இருக்கிறது.

பிப்ரவரி 18, செவ்வாய்

பிள்ளைகள் வகுப்பில் இருக்கிற நேரம்தான் எங்களுக்கு லீவு. மத்தியானம் ரயிலேறிக் கோட்டை ஸ்டேஷனில் இறங்கினோம். செயின்ட் ஜார்ஜ் கோட்டை வாசலில் பையைச் சோதித்து உள்ளே விட்டார்கள். புனித மேரி ஆலயம், 1680. பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்கும்படி கூரையையே வளைவாகக் கட்டியிருக்கிறார்கள். வெளியே தரையெல்லாம் பழைய கல்லறைக் கற்கள். மிதிக்க மனசு வராமல் ஓரமாகவே நடந்தேன்.

"இன்னைக்குத் தேதி பார்த்தியா? 1753, பிப்ரவரி 18. ராபர்ட் கிளைவ் கல்யாணம் இங்கதான் நடந்துச்சு" என்றார், தானே தாலி எடுத்துக் கொடுத்தது மாதிரி.

"நம்ம கல்யாணத் தேதி என்னங்க?"

கொஞ்சம் நேரம் கூரையைப் பார்த்தார். "நாளன்னைக்கு." பிழைத்தார்.

பர்மா பஜார் பக்கம் அத்தோ, அதான் பர்மா நூடுல்ஸ், சாப்பிடலாம் என்று நடந்தோம். தட்டைப் புரட்டும் சத்தம் கேட்கிற தூரத்தில் இவர் போன் அடித்தது. பரமக்குடிக்காரன்.

"அண்ணா, ரெண்டு பேப்பர் கிளியர்ணா. ரெண்டு போச்சு. எங்க இருக்கீங்க?"

பீச் ஸ்டேஷனுக்கு வந்தால் சொல்லச் சொன்னார். அவன் தாம்பரத்திலிருந்து வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும். என்னைப் பார்த்தார். நான் கடைக்காரரிடம் திரும்பி, மூணாவது தட்டை அப்புறமா போடுங்கண்ணே, அதுல முட்டை சேர்த்து, என்றேன்.