குறைந்த விலையில் மைட்டர் சா: கிருஷ்ணகிரியில் தேடி வாங்கி அறுத்துப் பார்த்தது

படச்சட்டங்கள், செருப்பு அலமாரி, பூஜை அறைக்கு ஒரு சின்ன மாடம், மொட்டை மாடிக்குச் செடிப் பெட்டிகள். வீட்டுக்குச் செய்ய வேண்டும் என்று எழுதி வைத்திருந்த எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப வருகிற வேலை ஒன்றுதான்: இரண்டு மூன்று இஞ்ச் சட்டங்களை நேராகவோ 45 டிகிரியிலோ ஒரே அளவாக அறுப்பது. இதுவரை கை ரம்பமும் மைட்டர் பாக்ஸும் (ரம்பத்தைச் சரியான கோணத்தில் ஓட்டக் காடி வெட்டிய பெட்டி) வைத்து ஓட்டினேன். எப்போதாவது ஒரு சட்டம் செய்பவருக்கு அதுவே தாராளமாகப் போதும், சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். ஆனால் நிறைய அறுக்க அறுக்க ரம்பம் பெட்டியின் காடியைத் தேய்த்து அகலமாக்கிவிடுகிறது. காடி அகலமானால் கோணம் போச்சு. அதனால்தான் மைட்டர் சா பக்கம் வந்தேன்: சுழலும் பிளேடைக் கைப்பிடியால் கீழே இறக்கி, வேண்டிய கோணத்தில் சட்டத்தை அறுக்கிற மிஷின்.

முதலில் கடையில் எப்படிக் கேட்பது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஊர் கிரானைட் ஊர். ஹார்டுவேர் கடையில் 'கட்டிங் மிஷின்' என்றால் மார்பிள் கட்டரைத்தான் எடுத்து வைப்பார்கள். 'சாப் சா' என்றால் 14 இஞ்ச் கல் வட்டு போட்டு இரும்பு அறுக்கிற மிஷின் வரும். பார்க்க ஒரே ஜாடையில் இருந்தாலும் அது வேறு சாதி. அதில் மரம் அறுக்கும் பிளேடை மாட்ட நினைக்கவே கூடாது. அதன் வேகமும் மூடியும் அதற்கென்று செய்ததல்ல. நமக்கு வேண்டியது அலுமினியம் ஜன்னல் செய்பவர்கள் வைத்திருக்கிறார்களே, அந்த மிஷின். கடைகளில் 'அலுமினியம் கட்டர்' என்று கேட்டால் சட்டென்று புரிகிறது.

அப்புறம் அளவு. நான் விசாரித்தபோது அதிகம் கேள்விப்படாத கம்பெனிகளின் 10 இஞ்ச் மிஷின் 10,000 ரூபாயை ஒட்டிக் கிடைத்தது. போஷ், மகிட்டா, ஸ்டான்லி மாதிரி தெரிந்த பெயர்களில் அதே 10 இஞ்ச் வாங்க 15,000 முதல் 20,000 வரை வைக்க வேண்டியிருந்தது. முன்னும் பின்னும் ஓடுகிற ஸ்லைடிங் வகை அதற்கும் மேலே போனது. ஸ்லைடிங் ஆசை எனக்கும் இருந்தது. எட்டு இஞ்ச் பிளேடிலேயே ஓர் அடி அகலப் பலகையை அறுக்கலாம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது. ஆனால் சாதாரண 10 இஞ்ச் மிஷின் நேர் வெட்டில் சுமார் 130 மில்லிமீட்டர், அதாவது ஐந்து இஞ்ச் அகலம் அறுக்கும். 45 டிகிரியில் 90 மில்லிமீட்டர் சொச்சம். என் பட்டியலில் முக்கால்வாசி ரீப்பரும் சட்டமும்தான், எல்லாம் இதற்குள் அடங்கிவிடும். எப்போதாவது வருகிற அகலப் பலகையை ஒரு பக்கம் அறுத்து, திருப்பி வைத்து மறுபக்கம் அறுக்கலாம். இன்னொரு காரணமும் உண்டு. விலை குறைந்த ஸ்லைடிங் மிஷினில் தலை (பிளேடும் மோட்டாரும் உள்ள பகுதி) ஓடுகிற இரண்டு குழாய்களும் ஆட ஆரம்பித்தால் சரிசெய்வது பெரும்பாடு. பின்பக்கம் குழாய் நீள இடமும் விட வேண்டும். என் கொட்டகையில் சுவர்தான் இருக்கிறது.

எங்கள் தெரு ஆசாரி அண்ணனிடம் கேட்டேன். அவர் சொன்னதுதான் இந்தத் தேடலுக்கே வழிகாட்டியது. "வாட்ஸ் எல்லாம் அப்புறம் பாரு தம்பி. கைப்பிடியப் புடிச்சு ஆட்டிப் பாரு. மிஷின் ஆடுனா வெட்டும் ஆடும்." கிருஷ்ணகிரி கடைகளிலும் பிறகு ஓசூரிலும் பார்த்த ஒவ்வொரு மிஷினையும் அப்படியே சோதித்தேன். தலையைப் பாதி உயரத்துக்கு இறக்கி, கைப்பிடியை இடம் வலமாக மெல்லத் தள்ள வேண்டும். கண் கைப்பிடியில் இருக்கக் கூடாது, பிளேடின் முனையில் இருக்க வேண்டும். அடியிலுள்ள கீல் நல்லதாக இருந்தால் கை அழுத்தத்துக்கு மொத்த மிஷினும் சேர்ந்து அசையும். கீல் லூஸாக இருந்தால் தலை மட்டும் தனியாக ஆடும். அடுத்தது, கோணத்துக்குத் திருப்புகிற அடித்தளத்தின் வட்டத் தட்டை 45 டிகிரி காடியில் விழவைத்து, பூட்டாமல் அசைத்துப் பார்ப்பது. டக்கென்று விழுந்து நின்றால் நல்லது, கொழகொழவென்று இருந்தால் வேண்டாம். மூன்றாவது, மரத்தைச் சாய்க்கிற பின்பக்க வேலி. ஓர் அடி இரும்பு ஸ்கேலை இரண்டு பக்க வேலிக்கும் சேர்த்து வைத்து வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும்.

ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஆனால் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு பெட்டிகளில் ஒன்று கச்சிதம், இன்னொன்று ஆட்டம். இதைக் கண்ணால் பார்த்த பிறகு ஆன்லைனில் ஆர்டர் போடும் எண்ணத்தை விட்டுவிட்டேன். விலை குறைந்த மிஷினில் மாடல் பெயரைவிட நம் கைக்கு வரும் பெட்டிதான் முக்கியம். எதை வாங்கினேன் என்று பெயர் சொல்லாததும் அதனால்தான். தெரிந்த கம்பெனியின், தலை ஒரு பக்கம் மட்டும் சாய்கிற சாதாரண 10 இஞ்ச். வெட்டு விழும் இடத்தைக் காட்டும் லேசர் கோடு இல்லாதது. வெயிலில் வேலை செய்பவருக்கு லேசர் கண்ணுக்கே தெரியாது, அந்தப் பணத்தைப் பிளேடுக்கு வைத்துக்கொள்ளலாம். மோட்டாரில் தேய்ந்துபோகிற கார்பன் பிரஷ் உள்ளூரில் கிடைக்குமா என்று மட்டும் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

கரண்ட் விஷயம் சுருக்கமாக: 1650 வாட்ஸ் மிஷின் 230 வோல்ட்டில் ஏழு ஆம்பியர் இழுக்கும், கிளம்பும் நொடியில் அதைவிடப் பல மடங்கு. ஃபேன், சார்ஜர் போடுகிற 6 ஆம்பியர் பாயிண்ட் இதற்கு ஆகாது. 16 ஆம்பியர் பாயிண்ட் வேண்டும். நீட்டிப்பு ஒயர் போட்டால் 2.5 ஸ்கொயர் எம்எம்.

வீட்டுக்கு வந்ததும் அறுக்கவில்லை, முதலில் சரிபார்த்தேன். பிளக்கைக் கழற்றிவிட்டு, தலையை இறக்கிப் பூட்டி, மூலைமட்டத்தின் ஒரு கையை வேலியிலும் மறு கையைப் பிளேடிலும் வைக்க வேண்டும். பிளேடில் என்றால் பல்லில் அல்ல, பல்லுக்கு உள்ளே இருக்கிற வழவழப்பான தகட்டில். பல் தகட்டைவிடத் தடிமனானது, அதில் வைத்தால் அளவு பொய் சொல்லும். மயிரிழை வெளிச்சம் தெரிந்தது. வேலியின் போல்ட்டுகளை எல்-கீயால் தளர்த்தி, மட்டத்தோடு ஒட்டவைத்து இறுக்கினேன். உண்மையான பரீட்சை அதற்குப் பிறகுதான். ஐந்து இஞ்ச் பலகை ஒன்றை நேராக அறுத்து, ஒரு துண்டை மட்டும் தலைகீழாகப் புரட்டி, வெட்டு முகங்களை ஒன்றோடொன்று சேர்த்து வேலியில் சாய்த்துப் பார்ப்பது. புரட்டுவதால் பிழை இரட்டிப்பாகத் தெரியும். ஒரு மில்லிமீட்டர் சந்து தெரிந்தால் நிஜப் பிழை அரை மில்லிமீட்டர். முதல் வெட்டில் மேல் முனையில் மெல்லிய கோடாகச் சந்து இருந்தது, இன்னும் கொஞ்சம் நகர்த்தி இறுக்கியதும் மறைந்தது.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்றால், படச்சட்டத்துக்குக் கட்டாயம் வேண்டும். நான்கு மூலைக்கு எட்டு வெட்டு. ஒவ்வொன்றிலும் அரை டிகிரி தவறினால் மூன்று மூலை சேர்ந்துவிடும், நான்காவதில் மொத்தமாக 4 டிகிரி வந்து நிற்கும். இரண்டு இஞ்ச் அகலச் சட்டத்தில் அது கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர் வாய். மரத்தூளும் பசையும் வைத்து அடைக்கிற அளவல்ல.

கோணம் போலவே நீளமும். எதிரெதிர் பக்கங்கள் துளி வித்தியாசமில்லாமல் இருக்க வேண்டும். அளந்து கோடு போட்டு அறுத்தால் அது வராது. வேலியில் ஒரு கட்டையைக் கிளாம்ப் போட்டு நிறுத்தி, ஒவ்வொரு துண்டையும் அதில் முட்டவைத்து அறுத்தால் தானாக வரும். மிஷின் வாங்கியதன் முழுப் பலனும் இந்தக் கட்டையில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

பிளேடு. பெட்டியோடு வந்தது அலுமினியத்துக்கான நெருக்கமான பல். மரத்தை அறுக்கும், ஆனால் மெதுவாக, வெட்டு முகம் கருகிப் புகை வாசனையோடு. 60 பல் மர பிளேடு தனியாக வாங்கினேன். நடுத் துளை 25.4 மில்லிமீட்டரா 30 மில்லிமீட்டரா என்று மிஷின் புத்தகத்தில் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். பிளேடு மாற்றிய அன்று வந்த வெட்டு முகத்தை விரலால் தடவியபோது, உப்புத்தாள் தேவையில்லை போலிருந்தது.

மரம் எங்கள் பக்கத்து மாமரம். பெங்களூரா ரக மாந்தோப்புகளில் வயதான மரங்களை எடுக்கும்போது மில்லில் அறுத்துப் பலகையாகக் கிடைக்கிறது, தேக்கோடு ஒப்பிட்டால் விலை எவ்வளவோ குறைவு. வண்டு துளைக்கும் மரம், அதனால் அறுத்தவுடன் போராக்ஸ், போரிக் ஆசிட் கரைசல் பூசி நிழலில் காயவைக்க வேண்டும். நார் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பின்னி ஓடுவதால் பிளேடு வெளியேறும் பக்கம் சிம்பு கிளம்புகிறது. மரத்துக்குப் பின்னால் 6 மில்லிமீட்டர் பிளைவுட் துண்டு ஒன்றைச் சேர்த்து வைத்து அறுத்தால் அது நின்றுவிடுகிறது.

ஈரத்துக்கு மட்டும் எந்த மிஷினும் வைத்தியம் பார்க்காது. மரம் காயும்போது அகலத்தில்தான் சுருங்கும், நீளத்தில் அநேகமாக இல்லை. அதனால் 45 டிகிரியில் அறுத்த முனை கூர்மையாகி, மூலையின் உள்பக்கம் வாய் திறக்கும். பச்சை மரத்தில் செய்த சட்டம் ஒன்றும் நன்றாகக் காய்ந்ததில் செய்த சட்டம் ஒன்றும் இப்போது சுவரில் அருகருகே தொங்குகின்றன. இரண்டையும் வேண்டுமென்றேதான் செய்தேன், கோடை முடிந்ததும் முதலாவதில் உள்மூலையில் நகம் நுழைகிறது. இரண்டாவது அப்படியே இருக்கிறது.

பாதுகாப்பில் நான் விட்டுக்கொடுக்காதவை சில. பிளேடு முழு வேகம் எடுத்த பிறகே இறக்குவது, அறுத்து முடித்ததும் கீழேயே பிடித்து, பிளேடு நின்றபின் தலையைத் தூக்குவது, கை பிளேடிலிருந்து ஒரு சாண் தள்ளி, வளைந்த சட்டம் என்றால் புடைத்த பக்கம் வேலியை ஒட்டி, சின்னத் துண்டுக்குக் கை ரம்பம். மாமரத்தூள் சிலருக்குத் தோலில் அரிப்பு தரும், மூச்சுக்கும் நல்லதல்ல. கூடவே வருகிற தூள் பை பாதியைக்கூடப் பிடிப்பதில்லை, அதனால் முகக்கவசமும் காதுக்கு மூடியும் போட்டுக்கொண்டு வெளியில்தான் அறுக்கிறேன்.

செருப்பு அலமாரி முடிந்துவிட்டது, மாடத்துக்குச் சட்டம் அறுத்தாயிற்று. இப்போது குறை, எட்டடி ரீப்பரை வைக்கும்போது வால் பக்கம் தொங்கி வெட்டு முனை மேலே எழுவது. இரண்டு பக்கமும் மிஷின் தட்டின் உயரத்துக்கே பெஞ்ச் கட்ட வேண்டும், அதற்கு யூக்கலிப்டஸ் கட்டை சொல்லி வைத்திருக்கிறேன்.