ஜூன் மாதம் தாராவியில் எங்களுக்கு என்ன வேலை

மும்பையில் ஜூன் பாதியில் பள்ளிக்கூடம் திறக்கும். படிப்பை விட்டுவிடப் பார்க்கிற தமிழ்ப் பிள்ளைகளைத் திரும்பப் பள்ளிக்கு அனுப்ப, தாராவியில் நாங்கள் சில பேர் சேர்ந்து செய்கிற வேலைக்கு அதுதான் உச்ச நேரம். தேர்வு முடிந்த கையோடு பாதித் தெரு திருநெல்வேலிப் பக்கம் கிளம்பியிருக்கும். கோயில் கொடை, கல்யாணம், காதுகுத்து, பங்காளிச் சண்டை எல்லாவற்றையும் மே மாதத்துக்கென்றே வைத்திருப்பார்கள். திரும்பி வர டிக்கெட் கிடைக்காது, அப்படி இப்படி என்று ஜூலை பிறந்துவிடும். மூன்றாம் வகுப்புப் பிள்ளை தாமதமாக வந்தால் பரவாயில்லை, டீச்சர் திட்டிவிட்டுச் சேர்த்துக்கொள்வார். ஒன்பதாவது சேர வேண்டிய பையன் அப்படி வந்தால் வீட்டிலேயே பேச்சு மாறிவிடுகிறது. "இந்த வருஷம் போகட்டும், மாமா கார்கானாவுல ரெண்டு மாசம் நிக்கட்டும்" என்பார்கள். கார்கானா என்றால் சின்னப் பட்டறை. ரெண்டு மாசம் என்று போனவன் தானாகத் திரும்பி வந்ததை நான் பார்த்ததே இல்லை.

ஒன்பதாவதில் ஏன் இப்படி நடக்கிறது என்றால், எல்லாமே அந்த இடத்தில் வந்து முட்டி நிற்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 வயதிலிருந்து 14 வயது வரைக்கும்தான், அதாவது எட்டாவது வரை. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016இல் கொண்டு வந்த திருத்தம் 14 முடிந்தவர்களை அபாயமான வேலைகளில் மட்டும்தான் வைக்கக் கூடாது என்கிறது. ஆக, படிப்புக்கான உத்தரவாதம் முடிகிற அதே வயதில் வேலைக்கான கதவு திறக்கிறது. அதோடு நம் பிள்ளைகள் நிறையப் பேர் படிக்கிற மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி ஏழாவதோடோ எட்டாவதோடோ முடிந்துவிடும். எல்.சி. (பள்ளியை விட்டுப் போகும்போது தருகிற மாற்றுச் சான்றிதழ்) வாங்கிக்கொண்டு வேறு பள்ளியில் போய்ச் சேர வேண்டும். அந்த எல்.சி.யை வாங்க அப்பாவுக்கு ஒரு நாள் கூலி போகும், அதனால் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போகும். பிள்ளைக்குப் படிப்பில் ஆசை இல்லை என்று சொல்லிவிடுவது சுலபம். பல வீடுகளில் அந்த எல்.சி. வாங்காததுதான் காரணம்.

இதனால்தான் மேடை போட்டு நடத்துகிற ஊக்கப் பேச்சுகளில் எனக்கு நம்பிக்கை குறைவு. கைதட்டிவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போவார்கள். பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே யார் வரவில்லை என்று வகுப்பு ஆசிரியரிடம் கேட்டு, அன்று சாயங்காலமே அந்த வீட்டு வாசலில் போய் நிற்பதுதான் பலன் கொடுக்கிறது. ஒரு வாரம் விட்டால் கூடப் பேசிப் பார்க்கலாம். முதல் சம்பளம் கைக்கு வந்த பிறகு பேச்சு எடுபடாது.

போன வருஷம் பை தைக்கிற கார்கானா ஒன்றில் ஒரு தம்பியைப் பார்த்தேன். ஏணி மாதிரி இருந்த இரும்புப் படியில் ஏறி மேலே போனால் தலை இடிக்கிற உயரத்தில் கூரை, ஆறு மெஷின், தரையில் உட்கார்ந்து பைகளில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தான். கத்தரியைக் கீழே வைக்காமலே பேசினான். "அக்கா, அந்தா தைக்காருல்லா அந்த அண்ணன், அவரு பத்தாவது பாஸு. நானும் அவரும் ஒரே எடத்துலதான வேல பாக்கோம்?" அவன் கேட்டது நியாயமான கேள்வி. படிச்சா பெரிய ஆளாகலாம் என்று நான் சொல்லியிருந்தால் அவன் சிரித்திருப்பான். அந்த அண்ணனே மெஷினை நிறுத்திவிட்டுச் சொன்னார், பன்னிரண்டாவது முடிக்காமல் விட்டதால் வந்த வேலை கைநழுவிப் போன கதையை. அது அவனைக் கொஞ்சம் யோசிக்க வைத்தது. அப்புறம் எங்கள் குழுவில் இருக்கிற ஒரு பெரியவர் கார்கானா முதலாளி சேட்டிடம் பேசி, மாலை ஆறு மணிக்குப் பையனை விட்டுவிட வேண்டும் என்று சம்மதம் வாங்கினார். இப்போது இரவுப் பள்ளியில் படிக்கிறான். மும்பையில் இரவுப் பள்ளிகள் ரொம்பக் காலமாக இருக்கின்றன, பகலில் உழைக்கிற பிள்ளைகளுக்காகவே நடப்பவை. அதற்கும் வழியில்லாதவர்கள் 17 நம்பர் ஃபார்ம் போட்டு, பள்ளிக்குப் போகாமல் தனித்தேர்வராகப் பத்தாவது எழுதலாம். இது நம் ஜனங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

பெண் பிள்ளைகள் விஷயம் வேறு. அம்மா விடிவதற்குள் மாட்டுங்கா, சயான் என்று வீட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார். குழாயில் தண்ணீர் வருகிற நேரமும் தம்பியைக் குளிப்பாட்டி அனுப்புகிற நேரமும் பள்ளிக்கூட நேரமும் ஒன்றாக இருக்கும். குடத்தை யார் பிடிப்பது என்று தீர்க்காமல் படிப்பைப் பற்றிப் பேசிப் பிரயோஜனம் இல்லை. ஒரு வீட்டில் பக்கத்து வீட்டு ஆச்சி தண்ணீர் பிடித்துத் தர ஒப்புக்கொண்டதும் அந்தப் பெண் மறுநாளே சீருடை போட்டுவிட்டாள். வயசுக்கு வந்த பிள்ளையை ஊரில் பாட்டியிடம் விட்டுவிடலாம் என்ற பேச்சு வந்தால் இன்னும் சிரமம். அந்த மாதிரி வீடுகளுக்கு, அதே சந்தில் வளர்ந்து பட்டம் வாங்கிய எங்கள் பெண்களைத்தான் அனுப்புவோம். அவர்கள் சொன்னால் அம்மாக்கள் உட்கார்ந்து கேட்கிறார்கள்.

பத்தாவதில் தோற்றவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 35 வாங்காத பாடத்தை ஒரு சில வாரங்களிலேயே துணைத்தேர்வில் எழுதிவிடலாம். ஒன்றிரண்டு பாடம் மட்டும் போயிருந்தால் ஏ.டி.கே.டி. என்கிற சலுகையில், அந்தப் பாடங்களை நிலுவையில் வைத்துக்கொண்டே பதினொன்றில் சேரலாம். ரிசல்ட் வந்த அன்று இதைச் சொல்ல ஒரு ஆள் வீட்டுக்குப் போயிருந்தால் எத்தனையோ பேர் படிப்பை விட்டிருக்க மாட்டார்கள். பாஸானவர்களுக்கு அடுத்த முட்டுக்கட்டை சாதிச் சான்றிதழ். தமிழ்நாட்டுச் சான்று இங்கே செல்லாது. பட்டியல் சாதிப் பிள்ளை என்றால் 1950 ஆகஸ்ட் 10க்கு முன்பே குடும்பம் மகாராஷ்டிராவில் இருந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். மூன்று தலைமுறையாக இங்கே இருக்கிற குடும்பங்களிடம்கூடக் காகிதம் இருக்காது. தாத்தா படித்த பள்ளியின் பழைய பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று தேடுகிற வேலையும் எங்களுக்கு உண்டு. பெயர் கிடைக்கிற நாளில் அந்த வீட்டில் தீபாவளிதான்.

இந்த வருஷம் எங்களுக்கு அவசரமாகத் தேவைப்படுவது மராத்தி சொல்லித் தருகிற ஆட்கள். தமிழ் வழியில் படிக்கிற பிள்ளைகளுக்கும் மராத்தி கட்டாயப் பாடம். கணக்கைக்கூட எப்படியோ தாண்டிவிடுகிறார்கள், மராத்தியில் மாட்டிக்கொள்கிறார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்து மராத்தி சரளமாகப் பேசுகிற தமிழர்கள் முலுண்டிலும் செம்பூரிலும் டோம்பிவிலியிலும் எத்தனை பேர் இருக்கிறீர்கள்! வாரத்தில் ஒரு சாயங்காலம் போதும், ஞாயிறு என்றாலும் சரி. சயான் ஸ்டேஷனில் இறங்கினால் யாராவது வந்து கூட்டிப்போவோம்.