ஊர் வேண்டாம் என்ற பிறகும் மாட்டிய மீட்டர்

போன வாரம் கரண்ட் பில் கட்டப் போனவன், மணிவாரியாக எவ்வளவு கரண்ட் செலவாகியிருக்கிறது என்று காட்டும் படத்தைத் திறந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒரு நாளைக்கு இருபத்து நான்கு நீலக் கட்டைகள். செவ்வாய்க்கிழமை இரவு இரண்டு மணிக்கான கட்டை மட்டும் அக்கம்பக்கத்தை விட உயர்ந்து நிற்கிறது. அன்றைக்குத்தான் பிள்ளைக்குக் காய்ச்சல், எழுந்து கெட்டிலில் வெந்நீர் வைத்தோம், ஹீட்டரைப் போட்டுக்கொண்டு விடியும் வரை ஹாலில் இருந்தோம். அந்தச் சனி ஞாயிறு இரண்டு நாளும் கட்டைகள் தரையோடு தரையாகக் கிடக்கின்றன, நாங்கள் ஊரில் இல்லை. வீட்டுக்குள் காலெடுத்து வைக்காமலே இவ்வளவும் ஒருவர் படித்துவிடலாம்.

நாங்கள் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே, இப்படி மணிக்கணக்கில் ரீடிங் எடுத்து ரேடியோ அலை வழியாகக் கம்பெனிக்கு அனுப்பும் ஸ்மார்ட் மீட்டர் மாட்டியாகிவிட்டது. வேண்டுமா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் அதைப் பற்றி யோசித்ததில்லை. அந்தப் படத்தைப் பார்த்த இரவுதான், இதே வட கலிஃபோர்னியாவில் சின்னச் சின்ன ஊர்களின் நகர்மன்றங்கள் இந்த மீட்டரை எதிர்த்து நின்ற கதையைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

சான்டா க்ரூஸ் பக்கம் என் நண்பர் ஒருவர் வீட்டில் இன்னும் பழைய மீட்டர்தான். கண்ணாடிக் குமிழுக்குள் ஒரு அலுமினியத் தட்டு படுக்கைவாட்டில் சுற்றிக்கொண்டிருக்கும், அதன் விளிம்பில் ஒரு கறுப்புக் கோடு, உள்ளே யாராவது வாஷிங் மெஷினைப் போட்டால் அந்தக் கோடு வேகம் பிடிப்பதை வெளியே நின்று பார்க்கலாம். மேலே வரிசையாகச் சின்ன முள் வட்டங்கள், ஒன்று வலமாகச் சுற்றினால் பக்கத்தது இடமாகச் சுற்றும். மாதம் முழுக்க எவ்வளவு என்பதை அது சொல்லும், அதற்கு மேல் அதற்கு எதுவும் தெரியாது. எந்த ராத்திரி யார் விழித்திருந்தார்கள் என்பது அந்த வீட்டாரோடு நின்றுவிடும்.

கரண்ட், எரிவாயுக் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் கலிஃபோர்னியாவின் பொதுப் பயன்பாட்டு ஆணையம், எங்கள் பக்கம் கரண்டும் எரிவாயுவும் தரும் பி.ஜி. அண்ட் ஈ கம்பெனியின் ஸ்மார்ட் மீட்டர் திட்டத்துக்கு 2006-இல் அனுமதி கொடுத்தது. 2009-இல் பேக்கர்ஸ்ஃபீல்ட் பகுதியில் மீட்டர் மாறிய கையோடு பில் எகிறிவிட்டது என்று மக்கள் கொதித்தார்கள். ஆணையம் வெளி நிறுவனம் ஒன்றை வைத்துச் சோதித்தது. மீட்டர்கள் சரியாகத்தான் ஓடுகின்றன, ஆனால் புகார் சொன்னவர்களைக் கம்பெனி நடத்திய விதம் சரியில்லை என்று 2010 செப்டம்பரில் அறிக்கை வந்தது. அடுத்த வருடமே, வெயில் ஏறினால் வேகமாக ஓடும் மீட்டர்கள் சுமார் 1,600 இருப்பதாகக் கம்பெனியே ஒப்புக்கொண்டது. லட்சக்கணக்கான மீட்டர்களில் இது சொற்பம்தான், நானும் அதைப் பெரிதாக்கவில்லை. ஆனால் தன் வீட்டு மீட்டரில் கோளாறு என்று சொன்னவரிடம் உனக்குக் கணக்குத் தெரியவில்லை என்கிற தொனியில் பேசினால், அந்தக் கசப்பு அறிக்கையால் போகாது.

சுமார் 7,500 பேர் மட்டுமே வாழும் ஃபேர்ஃபாக்ஸ் என்ற ஊரின் நகர்மன்றம் 2010 ஆகஸ்டில் எங்கள் எல்லைக்குள் இந்த மீட்டரை இப்போதைக்கு மாட்டக் கூடாது என்று அவசரச் சட்டம் போட்டது. வாட்சன்வில் நகரம், சான்டா க்ரூஸ் கவுண்டி (கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி) என்று அடுத்தடுத்துத் தடைகள் வந்தன. மேரின் கவுண்டியின் இன்வர்னெஸ் பகுதியில் டிசம்பர் கடைசியில் மீட்டர் மாட்ட வந்த வண்டிகளை மறித்து நின்ற இரண்டு பெண்களைக் கைது செய்தார்கள், அதற்கடுத்த வாரம், 2011 ஜனவரியில், மேரின் கவுண்டியே தடை போட்டது.

அந்தச் சட்டங்களால் பெரும்பாலும் எதுவும் நிற்கவில்லை. கலிஃபோர்னியா அரசியல் சாசனத்தின் 12-ஆம் பிரிவிலேயே, ஆணையத்தின் அதிகாரத்துக்குள் வரும் விஷயங்களை நகரமோ கவுண்டியோ ஒழுங்குபடுத்தக் கூடாது என்று இருக்கிறது. மீட்டர் அந்த அதிகாரத்துக்குள் வருகிறது, ஆகவே உங்கள் தடை செல்லாது என்று சொல்லிவிட்டுக் கம்பெனிக்காரர்கள் வேலையைத் தொடர்ந்தார்கள். சட்டப்படி அது சரியாகவே இருக்கட்டும். கவர்னர் நியமிக்கும் ஆணையத்தின் ஐந்து பேர் சேர்ந்து தீர்மானிக்கிற ஒரு விஷயத்தில், தன் சொந்தச் சுவரைப் பற்றிப் பேச ஒருவருக்கு நடந்து போகிற தூரத்தில் இருக்கும் ஒரே இடம் நகர்மன்றம்தான். அந்த இடத்துக்கு இதில் வாயே கிடையாது என்றால் மக்கள் எங்கே போய்ச் சொல்வது?

உடல்நலம் பற்றிய பயத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கூட்டங்களுக்கு வந்தவர்களில் பலர் அதற்காகத்தான் வந்தார்கள். ரேடியோ அலையால் நோய் வருகிறது என்று நான் நம்பவில்லை. மாநிலத்தின் அறிவியல் கவுன்சில் 2011-இல் தந்த அறிக்கையும், அலையால் உடல் சூடேறி வரும் பாதிப்பைத் தடுக்க, அலைபரப்புக்கு ஏற்கெனவே இருக்கிற வரம்பே போதும் என்றுதான் சொன்னது. ஆனால் மக்கள் கேட்ட ஒரு எளிய கேள்வியை எப்படிக் கையாண்டார்கள் என்று பாருங்கள். இந்தப் பெட்டி ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் அலைபரப்புகிறது என்று கேட்டதற்கு, எல்லாம் கூட்டினால் சுமார் 45 விநாடிதான் என்று பதில் வந்தது. அது பொய் இல்லை. ஆணையத்தின் நீதிபதி கேட்டு வாங்கிய பிறகு 2011 கடைசியில் மீதிக் கணக்கு வெளியே வந்தது: ஒவ்வொன்றும் கண் சிமிட்டும் நேரம்கூட இல்லாத துடிப்புகள், சராசரியாக ஒரு நாளைக்குப் பத்தாயிரம், அதிகபட்சம் 1,90,000 வரை. காரணமும் சாதாரணமானதுதான், ஒவ்வொரு மீட்டரும் தன் ரீடிங்கோடு அக்கம்பக்கத்து வீடுகளின் ரீடிங்கையும் வாங்கிக் கைமாற்றி விடுகிறது. இதை முதல் நாளே விளக்கியிருந்தால் பாதிப் பேர் சரி என்று வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதைவிட மோசம், ஸ்மார்ட் மீட்டர் திட்டத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த அதிகாரியே 2010-இல் வேறு பெயரில் எதிர்ப்பாளர்களின் குழுவுக்குள் நுழையப் பார்த்துப் பிடிபட்டார், பதவி விலகினார். அதே வருடம் செப்டம்பரில்தான் சான் புரூனோ என்ற ஊரில் இதே கம்பெனியின் எரிவாயுக் குழாய் வெடித்து எட்டுப் பேர் செத்துப்போனார்கள். இவ்வளவுக்கும் நடுவில் எங்களை நம்புங்கள், வேறு வழியில்லை என்றால் எந்த ஊர் தலையாட்டும்?

எல்லைக்கு அந்தப் பக்கம் கனடாவிலும் இதுதான் நடந்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2012 முடிவதற்குள் எல்லா வீட்டிலும் மாட்ட வேண்டும் என்று 2010-இல் சட்டம் வந்தது, 2011 செப்டம்பரில் அந்த மாகாணத்தின் நகராட்சிகள் எல்லாம் கூடும் மாநாட்டில் இதை நிறுத்தி வையுங்கள் என்ற தீர்மானம் நிறைவேறியது, மாகாண அரசு நிறுத்தவில்லை.

ஆனாலும் செல்லாது என்று தள்ளிய அந்தத் தீர்மானங்கள் வீண் போகவில்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது. ஒரு தனி ஆள் எழுதிய கடிதம் என்றால் குப்பைக் கூடைக்குப் போயிருக்கும். ஊர் ஊராக, கவுண்டி கவுண்டியாகத் தீர்மானம் வந்து குவிந்ததும் ஆணையத்தின் தலைவர் 2011 மார்ச்சில், வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு வழி சொல்லுங்கள் என்று கம்பெனிக்கு இரண்டு வாரம் கெடு வைத்தார். 2012 பிப்ரவரியில், விரும்புகிறவர்கள் பழைய மீட்டரையே வைத்துக்கொள்ளலாம் என்று உத்தரவு வந்தது. என் நண்பர் வீட்டுச் சுவரில் அந்தத் தட்டு இன்னும் சுற்றுகிறது என்றால் அதற்குப் பின்னால் அந்தக் கவுன்சில்காரர்களின் கையெழுத்து இருக்கிறது.

அப்புறம் அதற்கும் ஒரு விலை வைத்தார்கள். முதலில் 75 டாலர், பிறகு மாதம் 10 டாலர். வருமானம் குறைந்தவர்களுக்கு முதலில் 10, மாதம் 5. 2014 டிசம்பரில் மாதக் கட்டணம் மூன்று வருடத்துக்கு மேல் கூடாது என்று குறைத்தார்கள், அப்படியும் கூட்டிப் பார்த்தால் 435 டாலர். ஏற்கெனவே சுவரில் இருந்ததை இருக்க விடுவதற்கு! ரீடிங் எடுக்க ஆள் வர வேண்டும், அதற்குச் செலவு உண்டு என்கிறார்கள். உண்டுதான். ஆனால் வெர்மான்ட் மாநிலம் 2012-லேயே இதற்குத் தனிக் கட்டணம் வாங்கக் கூடாது என்று சட்டம் போட்டதே, அங்கே மட்டும் எப்படி முடிந்தது?

2014-இன் அதே உத்தரவில் இன்னொன்றும் இருந்தது. ஊர் மொத்தத்துக்குமாக நகர்மன்றமே வேண்டாம் என்று சொல்லும் உரிமையைக் கேட்டிருந்தார்கள், ஆணையம் மறுத்துவிட்டது. விலகுவதென்றால் வீடு வீடாக, தனித்தனியாகப் பணம் கட்டித்தான் விலக வேண்டும். அடுத்து எந்தப் பெட்டியை மாட்ட வந்தாலும் இந்த விதிதான் நம் முன்னால் நிற்கும். அதனால் இந்த மாதம் எங்கள் ஊர்க் கவுன்சில் கூட்டத்தில் பொதுமக்கள் பேசும் நேரத்தில் எழுந்து பேசலாம் என்று இருக்கிறேன். அந்த நீலக் கட்டைகளை ஒரு தாளில் அச்செடுத்து வைத்திருக்கிறேன்.