வெளிவாரிப் படிப்புக்கு இனிப் பதிவு இல்லை

பல்கலைக்கழகத்துக்குள் போகாமல் வெளியிலிருந்தே படிக்கும் வெளிவாரி வணிகமாணிப் (பி.கொம்) பட்டத்துக்கு இனிப் புதுப் பதிவு இல்லையாம். யாழ்ப்பாணம் திருநெல்வேலி ரியூட்டரியில் அதைப் படிப்பிக்கிறவன் சொல்கிறேன், நிறுத்தியது சரி.

பல்கலைக்கழக அனுமதிக்கான இசற் புள்ளி தவறிய பெடியளுக்கு ஒரு காலத்தில் அதுதான் வழி. பட்டதாரி நியமனம் என்று அரசாங்கம் அறிவித்தால் போதும், வகுப்பில் வாங்கு காணாது. இப்போது எச்.என்.டி.ஏ, ஏ.ஏ.ரி என்று வேறு கணக்கியல் படிப்புகளுக்குப் போகிறார்கள். வெளிவாரிப் பாடத்திட்டமோ இன்னும் கையால் பேரேடு எழுதச் சொல்கிறது. கஸ்தூரியார் வீதிக் கடைகளிலேயே கணக்கு கணினியில்தான்.

கவலையெல்லாம் பாதியில் நிற்பவர்களைப் பற்றித்தான். பகலில் வங்கி வேலை, ஒரு பாடம் மட்டும் மிச்சம் என்று ஒரு தங்கச்சி நேற்றும் போன் எடுத்தாள். மீள்பரீட்சை எத்தனை தடவை, கடைசித் திகதி எது? பல்கலைக்கழகம் எழுத்தில் தரட்டும். அதுவரை ஞாயிறு வகுப்பை நான் நிறுத்தப்போவதில்லை.